பரணில் கிடைத்த பழைய ராணுவத் தோட்டாக் கூடு: அடையாளம் காண, படிக்க, கெடாமல் வைக்க

டெல்டா பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்தோ பத்தாயத்துக்கு அடியிலிருந்தோ ஒரு தகர டப்பா வரும், அதற்குள் செல்லாக்காசு, உடைந்த பூட்டு, கூடவே கறுத்துப்போன நாலைந்து பித்தளைத் தோட்டாக் கூடுகள். தாத்தா மிராசு, தாத்தா போலீஸ், தாத்தா ரயில்வே, இல்லை பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று ஏதாவது ஒரு கதை அதோடு ஒட்டியிருக்கும். அடுத்து நடப்பது இரண்டில் ஒன்று. வீட்டம்மா புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கிவிடுவார், அல்லது பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போய்விடும். இரண்டிலும் நட்டம் ஒன்றுதான், அந்தக் கூட்டில் எழுதியிருந்த செய்தி போய்விடுகிறது. எந்தத் துப்பாக்கி, எந்தத் தொழிற்சாலை, ஏறக்குறைய எந்தக் காலம், சுட்டதா இல்லையா என்பதையெல்லாம் ஒரு காலிக் கூட்டிலிருந்தே எடுத்துவிடலாம். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டில் மறுபடி மருந்தடைத்துச் சுட முடியுமா என்று கேட்பவர்களுக்கு இங்கே வழிமுறை கிடையாது. ஏன் கூடாது என்பது பாதி வழியில் தானாகவே விளங்கும், சட்டம் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

முதலில், அது காலியா?

கையில் எடுப்பதற்கு முன் பாருங்கள். வாயில் ஈயக் குண்டோ, செம்பு நிறத்தில் கூர்மையான முனையோ இருந்தால் அது கூடு இல்லை, முழுத் தோட்டா. நூறு வருடம் ஆகிவிட்டது, நனைந்து காய்ந்துவிட்டது, இனி வெடிக்காது என்று நினைப்பது தவறு. பழைய கரிமருந்து நனைந்தால் அப்போதைக்கு எரியாது, காய்ந்துவிட்டால் பழையபடி எரியும். குண்டு இல்லை, உள்ளே காலி, ஆனால் அடியில் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வட்டம், அதாவது பிரைமர், குழி விழாமல் சமமாக இருக்கிறதா? அதையும் உயிருள்ளதாகவே எண்ணுங்கள். அக்காலப் பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது, அது தட்டினாலும் சூடு பட்டாலும் பொசுக்கென்று வெடிக்கும். குழி விழுந்திருந்து வாயில் குண்டும் இருந்தால் சுட்டு வெடிக்காமல் போனது என்று அர்த்தம், அதுவும் முழுத் தோட்டாதான்.

இப்படி ஏதாவது இருந்தால் உலுக்க வேண்டாம், எண்ணெய் விட்டுக் குண்டைப் பிடுங்க வேண்டாம், பட்டறைக்குக் கொண்டுபோய் அறுக்கச் சொல்லவே வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், 112-க்கு அடித்தாலும் சரி. தானாக முன்வந்து சொல்கிறவரை யாரும் தூக்கில் போடப் போவதில்லை. ஒளித்து வைத்திருந்து பின்னால் வெளியே வந்தால்தான் தலைவலி.

கழுவும் முன் படம்

காலி என்று உறுதியான பிறகும் தண்ணீர், துணி, புளி எதையும் எடுக்காதீர்கள். வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து, பக்கவாட்டில் ஒன்று, வாய்ப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என்று படம் எடுங்கள். அடிப்பக்கத்தை எடுக்கும்போது மேலே நேராக வெளிச்சம் விழக் கூடாது. ஜன்னல் ஓரத்திலோ, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தோ எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். இன்னும் தெரியவில்லையா, மெல்லிய தாளை அதன்மேல் இழுத்துப் பிடித்துப் பென்சிலைப் படுக்கையாக வைத்துத் தேயுங்கள், பள்ளியில் ரூபாய்க் காசுக்குச் செய்தது போலத்தான். எந்த வீட்டில், எந்த இடத்தில், எதோடு கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே போட்டு வையுங்கள். ஊர், தெரு, வீட்டுப் பெரியவர் சொன்ன கதை, எல்லாம். பத்து வருடம் கழித்து அந்தத் தாள்தான் கூட்டைவிட மதிப்பு.

அளவெடுப்பது

ஒரு வெர்னியர் காலிப்பர் போதும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணமானதே போதும். மூன்று அளவு எடுங்கள்: கூட்டின் முழு நீளம், அடி விளிம்பின் குறுக்களவு, வாயின் குறுக்களவு. கூடவே ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு 19 மி.மீ. பக்கம் இருந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள், நல்ல பொருள். அதில் இரண்டு வகை. கூடு நேராக, குட்டையாக, சுமார் 51 மி.மீ. நீளத்தில் இருந்தால் அது 577 ஸ்னைடர் (577, 303 போன்ற எண்கள் குழலின் உள்ளளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). 1866-இல் பிரிட்டிஷ் படையில் வந்த துப்பாக்கி, பழைய வாய்வழி மருந்தடைக்கும் என்ஃபீல்டையே பின்பக்கம் வெட்டித் திருத்தியது. கூடு தோள் வைத்து, புட்டி போலக் கழுத்து சுருங்கி, 59 மி.மீ. நீளத்துக்கு இருந்தால் அது மார்ட்டினி-ஹென்றி, 1871-இல் வந்தது. 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரப் படையைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான் கொடுத்தார்கள். அவர்கள் கையில் மார்ட்டினி இருந்தபோது நம் ஆட்கள் கையில் ஸ்னைடர், அவர்கள் அடுத்து வந்த 303 ரைஃபிளுக்குப் போனபோது நம் ஆட்களுக்கு மார்ட்டினி. அதனால் இங்கிலாந்து ஆண்டுக் கணக்கை வைத்து நம் ஊர்க் கூட்டுக்குக் காலம் சொன்னால் பத்திருபது வருடம் தப்பிவிடும், இதை மறக்காதீர்கள்.

விளிம்பு 13.7, நீளம் 56 மி.மீ., கழுத்து சுருங்கியது என்றால் 303. போர்க்காலத்தில் கோடிக்கணக்கில் செய்தது, இன்றும் அதிகம் கண்ணில் படுவது. அதே அடி, அதே விளிம்பு, ஆனால் கழுத்தே இல்லாமல் குழாய் மாதிரி நேராக இருக்கிறதா? அது 410 மஸ்கெட். 303 துப்பாக்கியைக் கல்கத்தா பக்கத்து ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் சில்லுக் குண்டு சுடும்படி மாற்றிப் போலீசுக்குக் கொடுத்தார்கள், அதற்கான தோட்டா. தாத்தா போலீஸ் என்ற வீடுகளில் இதை எதிர்பார்க்கலாம்.

14 மி.மீ. விளிம்பும் 50 மி.மீ. நீளமும் உள்ளது 315. இது ராணுவத்துடையது அல்ல. 303 ராணுவ ரகம் என்பதால் பொதுமக்களுக்குத் தடை, அதற்கு மாற்றாக உரிமக்காரர்களுக்கு விற்றது. விளிம்பு 22 மி.மீ.க்கு மேல் என்றால் 12 போர் வேட்டைத் துப்பாக்கியுடையது, பன்றிக்கும் கொக்குக்கும் சுட்டது, அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். விளிம்பு உடம்பைத் தாண்டி வெளியே நீட்டாமல், சுற்றி ஒரு பள்ளம் மட்டும் இருந்தால் அது சுதந்திரத்துக்குப் பிந்தைய 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவின் கூடாக இருக்கலாம். பழம்பொருள் இல்லை, அதை வீட்டில் வைத்திருப்பதே வீண் வம்பு.

தரங்கம்பாடி, நாகப்பட்டினம் கடலோரத்தில் சிலருக்குக் கூடு எதுவும் இல்லாமல் உருண்டை ஈயக் குண்டு மட்டும் கிடைக்கும். அது இந்தக் கணக்கிலேயே வராது. டேனிஷ்காரர்கள் 1620-இல் வந்து 1845-இல் கோட்டையையும் ஊரையும் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள், பித்தளைக் கூடு என்ற ஒன்று ராணுவத்தில் புழக்கத்துக்கு வந்ததே அதற்குப் பிறகு. அந்த உருண்டையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது ஈய விஷம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும்.

அடியில் என்ன எழுதியிருக்கிறது

அடிப்பக்கத்து முத்திரைதான் கூட்டின் பிறப்புச் சான்றிதழ். ஆங்கில எழுத்து கே, எஃப் இரண்டும் இருந்தால் புனே பக்கத்துக் கிர்க்கி, இப்போது கட்கி என்கிறோம். நடுவில் மேல்நோக்கிய அம்புக்குறி, இருபுறமும் ஆர், எல் என்றால் இங்கிலாந்தின் உல்விச் ராயல் லேபரட்டரி. எம், எஃப் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்க்ரே. ஆர், ஜி என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன். அம்புக்குறி தனியாக இருந்தால் அரசாங்கச் சொத்து என்ற அடையாளம். கல்கத்தா பக்கத்து டம்டம்மிலும் தோட்டா செய்தார்கள், 1890களில் அங்கே செய்த விரியும் குண்டால்தான் உலகம் முழுக்க டம்டம் என்ற பெயர் பரவி, 1899-இல் ஹேக் மாநாட்டில் அந்த வகைக்கே தடை வந்தது.

303-இல் ரோமன் எண் ஏழு இருந்தால் 1910-இல் வந்த கூர்முனைக் குண்டு வகை. பிற்காலத்தில் ரோமன் போய் வெறும் 7 ஆகிவிட்டது. பக்கத்தில் இரண்டு இலக்கம் தனியாக இருந்தால் அது பெரும்பாலும் வருடம், 42 என்றால் 1942. கூடவே இசட் இருந்தால் கார்டைட்டுக்குப் பதில் வேறு புகையில்லா மருந்து. ஜி என்றால் ஒளிக்கோடு போட்டுப் போவது, டபிள்யூ கவசம் துளைப்பது, பி (B) என்றால் தீப்பற்ற வைப்பது. பி போட்ட முழுத் தோட்டா கிடைத்தால் மேலே ‘முதலில், அது காலியா?’ என்ற பகுதியை மறுபடி படித்துவிட்டு ஃபோனை எடுங்கள்.

எழுத்தே இல்லையா? ஸ்னைடர், மார்ட்டினி காலத்துக் கூடுகள் பலவற்றில் அடி மொட்டையாகத்தான் இருக்கும். அங்கேதான் காந்தம். அடித்தட்டில் காந்தம் ஒட்டினால் அது பாக்ஸர் வகைக் கூடு. மெல்லிய பித்தளைத் தகட்டைத் திருச்சிச் சுருட்டு போலச் சுற்றி, அடியில் இரும்புத் தட்டு வைத்து மாட்டியது. உடம்பில் சாய்வாக ஒரு மடிப்பு ஓடுவதை விரலால் தடவினாலே தெரியும். அந்த மெல்லிய தகடு சூட்டில் துப்பாக்கிக்குள் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் அடித்தட்டு மட்டும் கையோடு வந்து, பாலைவனச் சண்டையில் சிப்பாய்கள் திண்டாடிப்போனார்கள். சூடான் போருக்குப் பிறகு, 1880களின் நடுவில், மார்ட்டினிக்கும் ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டிக் கூடு வந்தது. அதனால் ஒட்டு தெரிகிறதா, ஒரே துண்டா என்பதை வைத்தே முன், பின் என்று பிரித்துவிடலாம்.

வாய்வழியே டார்ச் அடித்து உள்ளே அடியையும் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் பிரைமர், பக்கம் பக்கமாக இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பெர்டான். பிரிட்டிஷ் ராணுவ 303-இல் பெரும்பாலும் பெர்டான்தான். வேடிக்கை என்னவென்றால் பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர், இன்று அமெரிக்காவில் பாக்ஸர்தான் ஓடுகிறது.

உடம்பைப் படிப்பது

இதற்கு அந்தக் கூடு எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நூற்றுக்கு 70 செம்பு, 30 துத்தநாகம் கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லையை வெட்டுவார்கள். அதை அச்சில் அழுத்திக் கிண்ணம் ஆக்கி, மேலும் மேலும் ஒடுக்கமான அச்சுகள் வழியே இழுத்து நீளமாக்குவார்கள். ஒவ்வொரு தடவை இழுத்தாலும் பித்தளை இறுகி முறுகும், அப்படியே மறுபடி இழுத்தால் கிழியும், ஆகவே நடுநடுவே சூடாக்கி இளக்க வேண்டும். நாச்சியார்கோயிலிலும் கும்பகோணத்திலும் பித்தளைப் பட்டறை வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால், இது தெரியாதா என்பார், தகட்டைத் தட்டுகிறவருக்கு இது தினப்படி வேலை. கடைசியில் அடியை மட்டும் ஓங்கி அடித்துத் தட்டையாக்கி, முத்திரை குத்தி, இறுகிய நிலையிலேயே விடுவார்கள், அழுத்தம் முழுவதும் தாங்க வேண்டிய இடம் அது. கழுத்தை மட்டும் இளக்குவார்கள். சில கூடுகளில் தோளுக்குப் பக்கம் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் தெரியும், அது அழுக்கு இல்லை, அந்தச் சூட்டின் தடம். தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

இப்போது விரிசலைப் பாருங்கள். கழுத்தில் நீளவாக்கில் கீறல் என்றால் பித்தளை முறுகிவிட்டது. விளிம்புக்குச் சற்று மேலே உடம்பைச் சுற்றி மோதிரம் போல ஒரு வெளிறிய கோடு அல்லது வெடிப்பு என்றால் கதை வேறு. 303 துப்பாக்கிகளின் மருந்தறையைச் சேறு, மணல் புகுந்தாலும் வேலை செய்யட்டும் என்று தாராளமாகவே குடைந்திருப்பார்கள், சுடும்போது கூடு அதற்குள் நீண்டு அந்த இடத்தில் மெலியும். சுட்ட கூட்டின் தோளும் புதுக் கூட்டின் தோளும் ஒன்றுபோல இல்லாததற்கும் இதுவே காரணம். விளிம்பில் ஒரு பக்கம் சுரண்டிய மாதிரி தடம் இருக்கும், துப்பாக்கியின் கொக்கி பிடித்து இழுத்த இடம். பிரைமர் குழியும் இந்தத் தடமும் இரண்டும் இருந்தால், இது ஒரு ரைஃபிளில் உண்மையிலேயே சுடப்பட்டது என்று எழுதி வைக்கலாம்.

மூன்றாவது ஒரு விரிசல் உண்டு, அதைத்தான் டெல்டாக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. யாரும் தொடாமலே, சுடாமலே, கூடுகள் தாமாக வெடிப்பு விட்டன. மழைக்காலத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பேர் வைத்தார்கள். காரணம் 1921-இல்தான் தெளிவானது, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து, இழுத்துச் செய்ததால் உள்ளே விறைப்பு மிச்சமிருக்கும் பித்தளையைப் பிளக்கிறது. குதிரை லாயம் நம்மிடம் இல்லை, சரி. மாட்டுக் கொட்டகை இருக்கிறதே? அதைவிட மோசம், யூரியா மூட்டை அடுக்கிய அறை. ஈரம் பட்ட யூரியா அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும், குறுவைக்கு வாங்கி வைத்த மூட்டைக்கு மேல் பரணில் அந்தத் தகர டப்பா இருந்திருந்தால், வெளியே பளபளவென்று இருக்கும் கூட்டின் உள்ளே மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கலாம்.

இதோடு பழைய பிரைமரின் பாதரசமும் சுட்டபோது பித்தளைக்குள் ஊறி அதை முறுக வைக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு நோயும் உள்ள கூட்டில் மருந்தை அடைத்து முகத்துக்கு ஓரடி தள்ளி வெடிக்க வைப்பது வீரம் இல்லை, அறிவில்லாத வேலை. வெளிநாடுகளில் சட்டப்படி மார்ட்டினி சுடுகிறவர்கள்கூட இந்தக் காரணத்தால்தான் பழைய கூட்டை விட்டுவிட்டுப் புதுப் பித்தளையில் கூடு செய்துகொள்கிறார்கள்.

சுத்தம், குறைவாக

கறுப்பு அப்படியே இருக்கட்டும். அது பித்தளையே போர்த்திக்கொண்ட போர்வை. புளியும் எலுமிச்சையும் வேண்டாம், அமிலம் துத்தநாகத்தை அரித்து மேலே வெறும் செம்பை விட்டுவிடும், கூடு ரோஸ் நிறமாகிவிடும், பிறகு திரும்பாது. டப்பாவில் வரும் பித்தளைப் பாலிஷும் வேண்டாம், பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, மேலே சொன்ன நோயை நாமே காசு கொடுத்து வாங்குவது. சாம்பல், செங்கல் பொடி எல்லாம் எழுத்தைத் தேய்த்துவிடும்.

மண்ணும் சேறும் மட்டும் போகட்டும். காய்ந்த மென்மையான பிரஷ், எழுத்துக்குள் சிக்கியதற்கு மூங்கிலைச் சீவிய குச்சி, இரும்பு ஊசி கூடவே கூடாது. பிறகு பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் அலசி, துணியில் ஒற்றி, நிழலில் நன்றாகக் காய வையுங்கள். வெளிர்ப்பச்சையாகப் பொடிப்பொடியாக உதிரும் களிம்பு இருந்தால் அதில் உப்பு இருக்கிறது, நாகை, வேதாரண்யம் பக்கத்துப் பொருள்களில் இது சாதாரணம். வடிநீரைத் தினம் மாற்றி மாற்றிச் சில நாள் ஊறப்போடுங்கள். அப்படியும் பச்சை திரும்பி வந்தால் நீங்கள் மல்லுக்கட்டாமல் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள். இரும்பு அடித்தட்டுள்ள பாக்ஸர் கூட்டை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், துரு ஒரே ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும், காய்ந்த பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வைப்பதற்குத் தேக்குப் பெட்டி அழகாகத்தான் இருக்கும், ஆனால் மரத்திலிருந்து கிளம்பும் அமில ஆவி ஈயத்தைப் பொடியாக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே அமிலமில்லாத தாள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் அந்தப் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு விழ வைக்கும்.

சட்டமும், கூடவே கிடைத்த துப்பாக்கியும்

1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்றால் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூடச் சேர்த்திதான். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 5-ஆம் பிரிவில் வரும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதமோ தோட்டாவோ சட்டவிரோதமாகத் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரையும் போகலாம். வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சிறு பாகங்களுக்கு 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அந்த எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதற்குச் சாட்சி, நீங்கள் எடுத்த படமும் எழுதிய தாளும் கூட்டின் காலியான நிலையும்தான். அதற்காக அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு விமான நிலையம் போகாதீர்கள், ஸ்கேனர் முன்னால் நின்று 45-ஆம் பிரிவை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

துப்பாக்கியே கிடைத்தால்? பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடையாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருக்கும் பழம்பொருளுக்குத்தான் அதே பிரிவு பொருந்தும், அதை நீங்களே தீர்மானிக்க முடியாது. பொறி இழுத்துப் பார்க்க வேண்டாம். தாத்தா பெயரில் உரிமம் இருந்து அவர் காலமாகியிருந்தால், 21-ஆம் பிரிவுப்படி அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் இருப்பதால், பழைய குடும்பங்களில் அந்த ரசீதுகள் எங்காவது பத்திரக் கட்டுக்குள் கிடக்கும், தேடிப்பாருங்கள், துப்பாக்கியின் எண் அதில் இருக்கும். ஒருவர் பெயரில் இப்போது இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வயலிலோ அஸ்திவாரத்திலோ மண்ணுக்குள்ளிருந்து வந்தது என்றால் 1878 புதையல் சட்டம் வருகிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதற்கும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தாரிடம் எழுத்தில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள மனமில்லை என்றால், எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்கள் தனித் தொகுப்பாகவே இருக்கின்றன, திருச்சியில் ராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கொடுக்கப் போகும்போது கூட்டை மட்டும் நீட்டாமல், எங்கே கிடைத்தது என்று எழுதிய தாளையும், கழுவுவதற்கு முன் எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.